ஹூண்டாய் விலகுமா? ராலி வதந்திகளுக்குப் பின்னால் ஓடும் பணக் கணக்கு

பத்து காவான் – உலக ராலி பந்தயத்தின் 2026 பருவம் தொடங்கியபோதே, ரசிகர்களிடம் மூன்று கேள்விகள் சுற்றத் தொடங்கிவிட்டன. ஹூண்டாய் இந்த ஆண்டோடு மூட்டை கட்டிவிடுமா? 2027இல் புதிய விதிமுறை வரும்போது எந்தப் புதிய நிறுவனம் வரும்? விலகிப்போன ஓட்டுநர்கள் திரும்புவார்களா? வாட்ஸ்அப் குழுக்களில் நாளுக்கொரு பதில் பகிரப்படுகிறது. காலையில் "உறுதியாகிவிட்டது" என்று வந்த தகவல், மாலையில் "வெறும் புரளி" ஆகிவிடுகிறது.

நிறுவனம், ஓட்டுநர், ஸ்பான்சர் என மூன்று தனித்தனி வதந்திகளாக இவை தெரிந்தாலும், வேர் ஒன்றுதான்: பணம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு காலம் வரும் என்பதே அது. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் பாதி வதந்திகளை நாமே தரம் பிரித்துவிடலாம். மலேசியா ஏன் தன் ஒரே ராலி உலக வெற்றியாளருக்குப் பின் இன்னொருவரை உருவாக்கவில்லை என்ற கேள்விக்கும் அதே கணக்கில் பதில் இருக்கிறது.

மூன்றே பெயர்கள்

உலக ராலியின் முதன்மைப் பிரிவில் இன்று இருப்பவை டொயோட்டா, ஹூண்டாய், ஃபோர்டு என்ற மூன்று பெயர்கள். அவற்றிலும் ஃபோர்டு கார்களைக் களமிறக்குவது இங்கிலாந்தின் எம்-ஸ்போர்ட் என்ற தனியார் நிறுவனம். ஆக, சொந்தப் பணத்தைப் போட்டு முழுத் தொழிற்சாலை அணி நடத்துபவை இரண்டு ஆசிய நிறுவனங்கள் மட்டுமே. இரண்டில் ஒன்று போனால் போட்டியே ஆட்டம் காணும். அதனால்தான் ஹூண்டாய் பற்றிய ஒவ்வொரு முணுமுணுப்பும் இவ்வளவு பெரிதாகிறது.

ஹூண்டாய் வதந்திக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. அந்தக் குழுமம் தன் ஜெனிசிஸ் பெயரில் நெடுந்தூரப் பந்தயத்தில் இறங்கும் திட்டத்தை 2024இல் அறிவித்தது. சிரில் அபிதபூல் என்ற ஒரே நிர்வாகிதான் ராலி அணியையும் அந்தப் புதிய அணியையும் கவனிக்கிறார். ஒரே பணப்பையில் இருந்து இரண்டு செலவுகள் என்றால், ஒன்று சுருங்கும் என்று ஊகிப்பது இயல்புதான். அதோடு, ஹூண்டாய் ஏற்கெனவே ஒருமுறை விலகிய நிறுவனம். 2003இல் பருவம் முடியும் முன்பே களத்தை விட்டுப் போய், 2014இல்தான் திரும்பி வந்தது.

மறுபக்கமும் உண்டு. ராலியில் ஓடும் ஹூண்டாய் காரின் பெயர் ஐ20. அதே பெயர் கொண்ட சாலைக் கார் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் தயாராகிறது. மண்ணிலும் பனியிலும் ஓடும் அந்தக் கார், காட்சிக்கூடத்தில் நிற்கும் காருக்கு விளம்பரம். அந்த விளம்பரம் இனியும் தேவையா என்று சியோலில் ஒரு கூட்டம் முடிவு செய்யும். பந்தயத்தில் முதலிடமா மூன்றாமிடமா என்பது அந்தக் கூட்டத்தில் பேசப்படும் பல விஷயங்களில் ஒன்றுதான்.

டிசம்பர் மாதத்துப் பாடம்

கடந்தகால விலகல்களை வரிசையாக அடுக்கினால் இது விளங்கும். மிட்சுபிஷி 2005 டிசம்பரில் விலகலை அறிவித்தது. உலகப் பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2008 டிசம்பரில், ஒரே வாரத்தில் சுசுகியும் சுபாருவும் வெளியேறின. கோலின் மெக்ரே, ரிச்சர்ட் பர்ன்ஸ், பெட்டர் சோல்பெர்க் என மூன்று உலக வெற்றியாளர்களைத் தந்த சுபாருவுக்கே அந்தக் கதி. ஆண்டுக் கணக்கை மூடி அடுத்த ஆண்டுச் செலவைத் திட்டமிடும் காலத்தில்தான் இப்படிப்பட்ட முடிவுகள் பெரும்பாலும் வெளிவருகின்றன.

எல்லாவற்றையும் மிஞ்சிய உதாரணம் ஃபோக்ஸ்வாகன். 2013 முதல் 2016 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஓட்டுநர் பட்டம், நிறுவனப் பட்டம் இரண்டையும் அள்ளிய அணி அது. 2017க்கான புதிய காரைக் கட்டிச் சோதித்தும் வைத்திருந்தார்கள். ஆனால் 2016 நவம்பர் 2ஆம் தேதி, "விலகுகிறோம்" என்ற அறிவிப்பு வந்தது. 2015இல் வெடித்த டீசல் புகை மோசடி விவகாரம் அந்த நிறுவனத்துக்குப் பெரும் செலவையும் அவப்பெயரையும் கொண்டு வந்திருந்தது. பந்தயத்தில் தோற்காத அணியை, பந்தயத்துக்கு வெளியே நடந்த தவறு வீழ்த்தியது.

நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. ராலியில் அந்த நெருப்பு பெரும்பாலும் பந்தயத் தடத்தில் எரிவதில்லை. கார் விற்பனை, மின்கார் முதலீடு, நீதிமன்ற அபராதம் போன்ற இடங்களில் எரிகிறது. ஹூண்டாய் பற்றி அறிய விரும்புபவர் விளையாட்டுப் பக்கத்தோடு வணிகப் பக்கத்தையும் புரட்ட வேண்டும்.

2027 புதிய விதிமுறை இந்தக் கணக்கை மாற்றும் முயற்சி. அனைத்துலக மோட்டார் வாகனச் சம்மேளனமான எஃப்ஐஏ, அடுத்த தலைமுறைக் காரின் விலைக்கு 345,000 யூரோ உச்சவரம்பு வைத்திருக்கிறது. நம் பணத்தில் ஏறக்குறைய 16 லட்சம் ரிங்கிட். இப்போதைய காருக்கு ஆகும் செலவில் இது பாதிக்கும் குறைவு என்கிறது எஃப்ஐஏ. பெரிய நிறுவனங்கள் மட்டுமின்றி, தனியார் பந்தயப் பட்டறைகளும் கார் உருவாக்கிக் களமிறக்கலாம். இரண்டு நிறுவனங்களின் தயவில் ஒரு விளையாட்டு நிற்கக் கூடாது என்ற அச்சமே இதற்குக் காரணம்.

ஓட்டுநர் போகிறார், நிறுவனமும் போகிறது

ஓட்டுநர் பற்றிய வதந்திகள் பெரும்பாலும் ஒப்பந்தம் முடியும் ஆண்டில்தான் கிளம்பும். 2019 அக்டோபர் இறுதியில் டொயோட்டாவில் உலகப் பட்டம் வென்ற எஸ்தோனியாவின் ஓட் டானாக், அடுத்த சில நாள்களிலேயே ஹூண்டாய்க்கு மாறுவதாக அறிவிக்கப்பட்டது. காலியான டொயோட்டா பக்கம் செபாஸ்தியன் ஓஜியே நகர்ந்தார். அவரை இழந்த சித்ரோன், நவம்பரில் ராலியையே மூடிவிட்டது. ஒரு நாற்காலி நகர்ந்ததில் ஓர் அணியே காணாமல் போனது.

2025இல் நடந்தது வேறு வகை. இரு முறை உலக வெற்றியாளரான பின்லாந்தின் காலே ரோவன்பெரா, ராலியை விட்டு ஜப்பானின் சூப்பர் ஃபார்முலா பந்தயத்துக்குப் போவதாக அக்டோபரில் அறிவித்தார். அடுத்த மாதம் டானாக்கும் முழுநேரப் போட்டியில் இருந்து ஒதுங்கினார். அந்த ஆண்டின் பட்டத்தை வென்றவர், எல்லாப் போட்டிகளிலும் ஓடாத ஓஜியே. அது அவருக்கு 9ஆவது பட்டம்.

இனி ஒரு வதந்தி வந்தால் மூன்று கேள்விகளை வைத்துப் பார்க்கலாம். ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது? புதிய காரை யாராவது உண்மையில் சோதித்துக்கொண்டிருக்கிறார்களா? இந்தச் செய்தி கசிந்ததால் யாருக்கு லாபம்? சம்பளப் பேச்சுவார்த்தையில் இருக்கும் ஓட்டுநர் தரப்புக்கு, "இன்னோர் அணி கூப்பிடுகிறது" என்ற வதந்தியைவிடச் சிறந்த ஆயுதம் இல்லை.

பெயரிலேயே ஸ்பான்சர்

ஐரோப்பாவில் நடப்பது நமக்கென்ன என்று கேட்கலாம். 2002இல் உலக ராலியின் தயாரிப்புக் கார் பிரிவில் பட்டம் வென்றவர் மலேசியாவின் கரம்ஜிட் சிங். அந்தப் பிரிவில் உலகப் பட்டம் பெற்ற முதல் ஆசியர் அவர். வழிக்குறிப்பு வாசித்து அவருக்கு உடன் அமர்ந்தவர் ஆலன் ஓ. ஆசிய பசிபிக் பட்டத்தையும் 2001, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் கரம்ஜிட் வென்றார்.

அவர் ஓட்டிய காரின் பெயர் புரோட்டோன் பெர்ட். பெட்ரோனாஸ் இயோன் ரேசிங் டீம் என்பதன் சுருக்கம்தான் பெர்ட். காரின் பெயரே ஸ்பான்சரின் பெயர்! எண்ணெய் நிறுவனமும், கார் விற்பனை நிறுவனமும், கார் தயாரிப்பு நிறுவனமும் கைகோர்த்தன. அடிப்படைக் காரோ மிட்சுபிஷி லான்சர் எவொலுஷன். புரோட்டோனுக்கும் மிட்சுபிஷிக்கும் உறவு நெருக்கமாக இருந்த காலம் அது.

அந்தக் கூட்டு நிலைக்கவில்லை. 2005இல் மிட்சுபிஷி புரோட்டோனில் தனக்கிருந்த பங்கை விற்றது. உலகப் பட்டம் வென்ற கரம்ஜிட்டுக்கு முதன்மைப் பிரிவின் தொழிற்சாலை அணி எதிலும் இடம் அமையவில்லை. அவரிடம் திறமை இருந்தது. மேல் படிக்குத் தூக்கிவிடும் ஏணி இங்கே இல்லை.

பிறகு புரோட்டோன் இன்னொரு முயற்சி செய்தது. சத்ரியா நியோ எஸ்2000 கார் 2011இல் ஆசிய பசிபிக் பட்டத்தைப் பிடித்தது. ஆனால் அதைக் கட்டியது இங்கிலாந்துப் பட்டறை. பட்டம் வென்ற ஓட்டுநர் ஸ்காட்லாந்தின் அலிஸ்டர் மெக்ரே. மலேசியப் பெயர் உலகத்துக்குப் போனது; அந்தப் பயணத்தில் மலேசிய இளைஞர் ஒருவரைக் கைப்பிடித்துக் கூட்டிப் போகவில்லை. 2012க்குப் பிறகு உலக ராலியில் அந்த அணியையும் காணோம்.

மற்ற பந்தயங்களிலும் இதைப் பார்த்திருக்கிறோம். செப்பாங்கில் ஃபார்முலா 1 பந்தயம் 2017உடன் நின்றது. செப்பாங் மோட்டார் சைக்கிள் அணிக்குத் தந்த முதன்மை ஆதரவை பெட்ரோனாஸ் 2021 இறுதியில் நிறுத்திக்கொண்டது. ஒரே பெரிய ஸ்பான்சரை நம்பிக் கட்டிய வீட்டில், தூண் ஒன்று அகன்றால் கூரையே இறங்கிவிடும்.

சென்னையும் அயர்லாந்தும் காட்டும் வழி

சென்னையின் எம்ஆர்எஃப் டயர் நிறுவனம் வேறு பாதையில் போனது. 2012 முதல் 2017 வரை ஆசிய பசிபிக் ராலியில் எம்ஆர்எஃப் - ஸ்கோடா கூட்டணிதான் ஆண்டுதோறும் பட்டம் வென்றது. அதில் மூன்று பட்டங்கள் டில்லியைச் சேர்ந்த கௌரவ் கில்லுக்கு. 2019இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது; மோட்டார் பந்தயத்துக்காக அந்த விருதைப் பெற்ற முதல் ஆள் அவர். வெளிநாட்டு ஓட்டுநர்களோடு உள்நாட்டு ஓட்டுநர் ஒருவரையும் அந்த அணி பல ஆண்டுகள் வைத்திருந்தது. பின்னர் ஐரோப்பா போன எம்ஆர்எஃப், 2022இல் ஸ்பெயினின் எஃப்ரென் யாரேனா மூலம் ஐரோப்பிய ராலி பட்டத்தையும் தொட்டது.

அயர்லாந்தின் உதாரணம் இன்னும் நேரடியானது. அங்கே கார் தொழிற்சாலை அணி எதுவும் இல்லை. மோட்டார் விளையாட்டு அமைப்பே ஒரு ராலி பயிற்சிக் கழகம் வைத்து, இளம் ஓட்டுநர்களுக்குப் படிப்படியாக நிதி கொடுத்து மேலே அனுப்புகிறது. இன்று எம்-ஸ்போர்ட் அணியில் ஓடும் ஜோஷ் மெக்கர்லீன், ஜான் ஆர்ம்ஸ்ட்ராங் இருவரும் அந்தக் கழகத்தின் ஆதரவில் வந்தவர்கள். சில மில்லியன் மக்கள் கொண்ட சிறிய தீவு அது. ஒரு பெரிய ஸ்பான்சருக்காகக் காத்திராமல் ஏணியைக் கட்டியதன் பலன் இது.

சடக்கு இருக்கிறது, ஏணி இல்லை

ராலிக்குத் தேவையான சாலை நம்மிடம் எப்போதும் உண்டு. ஜொகூரில் நடந்த ஆசிய பசிபிக் போட்டிகள் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சடக்குகளில்தான் ஓடின. உலக ராலி பினாங்குக்கு மிக அருகில் வந்தது 1996, 1997 ஆகிய ஆண்டுகளில். மலாக்கா நீரிணைக்கு அப்பால், மேடானைச் சுற்றிய தோட்டப் பாதைகளில் நடந்த இரண்டு போட்டிகளையும் வென்றவர் ஸ்பெயினின் கார்லோஸ் சைன்ஸ். மழை பெய்தால் அந்தச் சடக்கு எப்படி வழுக்கும், வளைவில் கால்வாய் எங்கே ஒளிந்திருக்கும் என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பத்து காவானும் ஒரு காலத்தில் தோட்ட நிலம்தான். 2014இல் இரண்டாவது பாலம் திறந்த பிறகு முகம் மாறியது. இன்று தொழிற்பேட்டையில் பாஷ் நிறுவனம், கார்களுக்கான சிப், உணர்கருவி ஆகியவற்றைச் சோதிக்கும் நிலையத்தை 2023 முதல் நடத்துகிறது. அதாவது, நவீன காரின் மூளையைத் தொட்டுப் பார்க்கும் வேலை நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

மோட்டார் விளையாட்டு என்றாலே ஸ்டீரிங் பிடிப்பவர் மட்டும்தான் என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. ஓர் ஓட்டுநருக்குப் பின்னால் மெக்கானிக், தரவு படிக்கும் பொறியாளர், வழிக்குறிப்பு வாசிப்பவர், சடக்கோரம் நிற்கும் பாதுகாப்பு அதிகாரி எனப் பலர் இருக்கிறார்கள். டிவெட் தொழிற்பயிற்சி முடித்த பிள்ளைகளுக்கு இந்த வேலைகளில் நுழைவது, ஓட்டுநர் நாற்காலியைப் பிடிப்பதைவிட எளிது. பட்டறையில் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டும் கைகளுக்கு வழிகாட்டி இல்லாவிட்டால், அந்த வேகம் பொதுச் சாலையில்தான் செலவாகும். அதன் விலையைப் பல குடும்பங்கள் கொடுத்திருக்கின்றன.

இதற்கு 16 லட்சம் ரிங்கிட் கார் தேவையில்லை. தேசிய அளவிலான போட்டிகளுக்குத் தொண்டூழியர்களை அனுப்பும் ஒரு மன்றம், பழைய கார் ஒன்றை வைத்துப் பயிற்சி தரும் ஒரு பட்டறை, உபகாரச் சம்பளம் தரும் இரண்டு மூன்று இந்திய வணிகர்கள் போதும். பெரிய ஸ்பான்சர் ஒருவர் போனால் எல்லாம் போகும். சிறிய ஸ்பான்சர் பத்துப் பேரில் ஒருவர் போனால் ஒன்பது பேர் இருப்பார்கள்.

ஹூண்டாய் இருக்குமா, போகுமா என்பதை சியோல் முடிவு செய்யும். அந்த முடிவு எதுவானாலும், நம் பிள்ளைகளின் நிலை அதனால் மாறப்போவதில்லை. 2002 வெற்றிக்குப் பின் விட்டுப்போன வேலையை, தோட்டத்தையும் தொழிற்பேட்டையையும் ஒன்றாகக் கண்ட பத்து காவான் போன்ற ஊர்களில் யார் தொடங்கப்போகிறார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.