அலையாத்திக் காட்டோரம் ஓர் இரவு வேண்டும்

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

சுற்றுலா என்றவுடன் நம் கல்லூரித் தோழர் தோழியரின் நினைவுக்கு வருவது கொடைக்கானலே. பேருந்திலிருந்து பைன் மரக்காட்டில் இறங்குகிறோம். பத்து நிமிடம் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். மீண்டும் பேருந்தில் ஏறுகிறோம். அந்தப் பைன் மரங்கள் அம்மலைக்கே உரியவை அல்ல, 1906ஆம் ஆண்டில் பிரையண்ட் என்ற ஆங்கிலேயர் நட்டு வளர்த்தவை என்பதைக்கூட நாம் கேட்டறிவதில்லை. கேட்க நேரமேது?

அமெரிக்க நாட்டின் தேசியக் காடுகளில் பைன் மரங்களின் அடியிலேயே பொதுமக்கள் தங்குவதற்கு அந்நாட்டு வனத்துறை முகாமிடங்களை அமைத்து வைத்திருக்கிறது. அவற்றில் ஆடம்பரம் ஏதுமில்லை. பல இடங்களில் ஒரு கைப்பம்பு, ஒரு குழிக் கழிப்பறை, ஒரு மர மேசை, தீ மூட்ட ஓர் இரும்பு வளையம், அவ்வளவுதான். கூடாரத்தை நாமே கொண்டு போக வேண்டும். கட்டணம் சிறிது, சில இடங்களில் அதுவும் இல்லை. இதைப் படித்தபோது என் மனம் கொடைக்கானலுக்குப் போகவில்லை. நம் முத்துப்பேட்டைக்குத்தான் போயிற்று.

நீடாமங்கலத்தில் வெண்ணாற்றிலிருந்து பிரியும் பாமணியாறும் கோரையாறும் நம் வயல்களுக்கெல்லாம் கொடுத்தது போக மிஞ்சிய நீரைக் கொண்டுபோய்ச் சேர்க்குமிடம் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. ஏறத்தாழ 12,000 எக்டேர் பரப்புடைய காப்புக்காடு அது. அதில் அடர்ந்த மரங்கள் ஒரு பகுதியே. மற்றவை சேற்றுத் திட்டுகள், உவர்நிலங்கள், ஊரார் ‘லகூன்’ என்றே சொல்லும் காயல். 2002ஆம் ஆண்டு முதல் கோடியக்கரையோடு சேர்த்து ராம்சார் ஈரநிலமாக உலகம் இதை மதிக்கிறது. நாமோ, வகுப்பறைச் சுவரில் தொங்கும் படத்தில் மூச்சு வேரைப் பார்த்து, பதிவேட்டில் வரைந்து, பேராசிரியரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்கிறோம்!

நேரில் போனால் என்ன என்று கேட்கலாம். போகலாம். ஜாம்புவானோடையில் படகு உண்டு. வாடகையைப் பங்கிட ஆள் சேர்ந்தால் காலையில் போய்ப் பிற்பகலுக்குள் திரும்பலாம். ஆனால் அந்தக் காட்டின் உயிர்நாடியே கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும்தானே! ஒரு நாளில் இரு முறை ஏறி இரு முறை இறங்குகிறது கடல். ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே ஆறு மணி நேரம். இக்கரையில் அந்த ஏற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், இரண்டு மணி நேரம் படகில் சுற்றியவன் கண்ணுக்கு அது தென்படுவதே அரிது. சேற்றிலிருந்து ஆணி அடித்தாற்போல் நிற்கும் மூச்சு வேர்கள் நீரில் மூழ்குவதையும், மீண்டும் வெளிவந்து காற்று வாங்குவதையும், அலையாத்தி இலை தான் உறிஞ்சிய உப்பைத் தானே வெளியேற்ற, அது காய்ந்து பூத்து நிற்பதையும் காண வேண்டுமானால் ஒரு பகலும் ஓர் இரவும் அங்கே இருக்க வேண்டும். இருந்து பார்ப்பது வேறு, போய் வருவது வேறு.

இங்கே பழங்கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் போகும் வழியெல்லாம் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802இல் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. வழிப்போக்கனுக்குக் காசில்லாமல் சோறும் படுக்க இடமும் கிடைத்தன. அந்தச் சத்திரங்களின் நிருவாகத்தில்தான் 1853 முதல் 1912 வரை முத்துப்பேட்டைக் காடு இருந்தது! அதாவது, இந்தக் காட்டு விறகின் வருமானம் ஊர் பேர் தெரியாத எத்தனையோ ஏழைகளுக்குப் பாயும் படுக்கையும் கொடுத்திருக்கிறது. அந்தக் காட்டின் ஓரத்தில் இன்று ஓர் ஏழை மாணவன் படுக்க நான்கு முழ இடம் கேட்பது தவறாகுமா?

ஆனால் கதையின் மறுபாதியையும் மறைக்கக் கூடாது. வருமானத்திற்காக மரங்களைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். நிழல் போனதும் வெயிலில் சேறு உலர்ந்து தாழ்ந்தது. தாழ்ந்த நிலம் தட்டுப்போல் ஆயிற்று. ஏறிய கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. அந்த உப்பில் விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. 1937இல் காப்புக்காடாக அறிவித்த பின்னும் வெட்டு தொடர்ந்தது. பல்லாண்டுகள் கழித்து, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரோட்டத்தை மீட்ட பிறகே வெற்றுத் திடல்களில் செடி தலைதூக்கியது. ஊரார் மீன்பிடிக்க முன்பே வெட்டியிருந்த வாய்க்கால்களின் ஓரத்தில் மரங்கள் செழித்திருந்தன என்பது கவனிக்கத்தக்கது. அத்தனை பாடுபட்டு வளர்த்ததில் 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் பெரும்பகுதியை முறித்துப் போட்டது.

ஆகவே நான் கேட்பது காட்டுக்குள் அன்று, காட்டின் கரையில். காப்புக்காட்டுக்கு வெளியே, ஆற்றங்கரையில் மேடான அரசு நிலம் கொஞ்சம். பத்துக் கூடாரங்களுக்கு மேல் கூடாது. விறகு எரிக்கக் கூடாது. எரிவாயு அடுப்பு போதும். கழிப்பறை கரைப்பக்கம் இருக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் உள்ள காலம், அப்போது பூட்டிவிடலாம். சனவரி, பிப்ரவரியில் பறவைகளும் இருக்கும், தரையும் காய்ந்திருக்கும். படகோட்டுவதும் சமைப்பதும் அவ்வூர் மீனவக் குடும்பங்களின் கையில் இருக்கட்டும். நாம் கொடுக்கும் காசு அவர்களுக்கே போகட்டும். இதை வருமானக் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது. எழுதினால் பத்து கூடாரம் ஐம்பதாகும், ஐம்பது சொகுசு விடுதியாகும். சத்திரத்தின் நல்லெண்ணமே காட்டை வெட்டியது என்றால், இலாப எண்ணம் என்ன செய்யாது?

அரசுக்கு இது புதிய வேலையும் அல்ல. 2018இல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் மாண்டனர். அதன்பின் விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசே 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்துவிட்டது. மலைக்குச் செய்ததைக் கடற்கரைக்கும் செய்யலாம். அங்குள்ள கட்டணம் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை போகிறது. அதை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம்.

‘வெளியில் படுப்பதெல்லாம் வசதியுள்ளவர் விளையாட்டு’ என்று ஒரு தோழி சொன்னாள். என் அப்பாவைக் கேட்டால் சிரிப்பார். நெல்லைக் கொட்டிவைத்துக் கொள்முதல் நிலையத்தில் எடை போடும் நாள் வரை அதன் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்தவர் அவர். கொசுவும் பனியும் எங்களுக்குப் புதிதல்ல. ஜாம்புவானோடை தர்காவில் கந்தூரிக்கு வரும் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு படுத்துறங்குகின்றன, அவர்களுக்கும் புதிதல்ல. பார்ப்பதற்காக, படிப்பதற்காக ஓர் இரவு வெளியில் தங்குவதுதான் எங்கள் வீட்டில் எவருக்கும் இதுவரை வாய்க்காதது.

பெண் பிள்ளைகளை இரவில் அனுப்புவார்களா என்பது அடுத்த கேள்வி. என் அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். கல்லூரிக்கு என்னை அனுப்பவே ஊரில் நாலு பேருக்குப் பதில் சொன்னார். ஆயினும் சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஏழு நாட்கள் அனுப்பினார். கிராமத்துப் பள்ளி வகுப்பறையில்தான் படுத்தோம். கல்லூரியின் பெயரும், உடன் தங்கிய பேராசிரியை அம்மாவின் பெயரும் இருந்தன. அதுவே அம்மாவுக்குப் போதுமானதாயிற்று. முத்துப்பேட்டைக்கும் அந்த இரண்டும் இருந்தால் போதும்.

மாவட்ட வன அலுவலருக்கு அனுப்ப ஒரு விண்ணப்பம் எழுதியுள்ளோம். தாவரவியல், விலங்கியல் மாணவர் அறுபத்து மூவர் கையொப்பமிட்டுள்ளனர். அது துறை அறையில் மேசை மேல் இருக்கிறது. பேராசிரியப் பெருமக்கள் கையொப்பமிட மேற்பகுதியில் இடம் விட்டிருக்கிறோம்.