அதிகார மாற்றம்

"மயக்க ஊசி போட்டுக்கிடுதீங்களா, முழிச்சுக்கிட்டே இருந்துடுதீங்களா?"

ஓட்டலில் 'சாதாவா, ரோஸ்ட்டா?' என்று கேட்கிற தோரணையில் டாக்டர் கேட்டார்.

விஷயம் கொலோனோஸ்கோப்பி. சுமார் ஒன்றரை மீட்டர் பெருங்குடலுக்குள் கேமரா வைத்த குழாயை விட்டு (எந்த வழியாக என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்) சுற்றிப் பார்ப்பது. எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது சார். அப்பாவுக்கு 48 வயதில் குடலில் புற்றுநோய். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் 40 வயதிலோ, அப்பாவுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்போ, எது முந்துதோ அப்போதே பார்த்துவிட வேண்டுமாம். 48-ல் 10 போனால் 38. பி.காம். படித்தவனுக்கு இந்தக் கழித்தல்கூட வராதா?

'ஊசி வேண்டாம்' என்றேன் வீரமாக. போட்டுக்கொண்டால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். பேட்டையிலிருந்து பாளையங்கோட்டைக்கு பைக்கில் போய், முடித்துவிட்டு நானே திரும்பிவிட்டால், வீட்டுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை பாருங்கள்.

"தாராளமா. சில பேர் திரையில தன் குடலையே வேடிக்கை பாப்பாங்க. காத்தடிச்சு விரிப்போம். வளைவுல திரும்பும்போது இழுத்துப் பிடிக்கும்" என்றவர், என் கையைப் பார்த்தார். அது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. வெறும் பேச்சுக்கே!

2002 ஜூனில் ஜார்ஜ் புஷ் இதே சோதனைக்குப் படுக்குமுன், ஜனாதிபதி அதிகாரத்தை டிக் செனிக்கு எழுதிக் கொடுத்தார். 2021 நவம்பரில் பைடன் மயக்கத்தில் கிடக்க, 85 நிமிஷம் அமெரிக்கா, மன்னார்குடி பக்கத்து துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ் கையில் இருந்தது. அணுகுண்டையே ஒப்படைத்துவிட்டுத் தூங்குகிறார்கள்; நான் பைக் சாவிக்கு யோசிக்கிறேன்.

ராத்திரி சம்சாரத்திடம் சொன்னேன்.

"மாமாவும் இப்படித்தான யார்ட்டயும் சொல்லாம ஆறு மாசம் வச்சிருந்தாவ?" என்றாள். அப்புறம் பேச்சே இல்லை. சாவியை எடுத்து அஞ்சறைப் பெட்டிக்குள் போட்டாள்.

முந்தின நாள் சொந்தத்தில் மறுவீடு. ஊரே சொதிச் சாப்பாடு சாப்பிட, நான் பேதி மருந்தும் இளநீரும் குடித்துவிட்டு, பாத்ரூமிலேயே குடியிருந்தேன்.

மறுநாள், ஊசி ஏறினதும் டாக்டர் பேரைக் கேட்டார். சொன்னேனா என்று தெரியாது. கண் முழித்தால் பக்கத்தில் அவள். சின்னதாய் ஒரு மரு இருந்ததாம், அப்போதே எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அடுத்த வாரம் ரிசல்ட் வந்தது: புற்றுநோய் இல்லை. விட்டிருந்தால் வருஷக்கணக்கில் அப்படி மாறியிருக்கக்கூடிய சாதி.

இதையெல்லாம் டாக்டர் அன்றைக்கே என்னிடமும் விளக்கினாராம். நான் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சொதி மிச்சம் இருக்கா?" என்றேனாம்.

பைடனுக்கு 85 நிமிஷத்தில் அதிகாரம் திரும்பிவிட்டது. எனக்கு பைக் சாவி மறுநாள் சாயந்திரம்தான் கிடைத்தது. மஞ்சள் வாசனையோடு.