ஊகிக்கும் பிள்ளையை ஊமையாக்காதீர்!



"இன்னும் வெளிவராத ஒரு கணினி விளையாட்டில் எந்த டைனோசர் வரும், எது வராது என்று மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். அந்த நேரத்தில் வாய்பாட்டையாவது மனனம் செய்யலாமே!" இப்புலம்பல் ஆசிரியர் ஓய்வறையிலும் பெற்றோர் சந்திப்பிலும் அடிக்கடி செவியில் விழுகின்றது. அதனைச் சொல்வோரின் அக்கறையை யான் ஐயுறவில்லை. ஆயினும், அக்கூற்றை முற்றாக மறுக்கின்றேன். நம் பிள்ளைகள் தாமாக முன்வந்து அறிவியல் முறைப்படி சிந்திக்கும் மிகச் சில வேளைகளுள் இவ்வாதமும் ஒன்று. அதனை வெட்டிப்பேச்சு என்று அடக்குவோர், தாம் எதனை அடக்குகிறோம் என்பதை அறியாமலேயே அடக்குகின்றனர்.

எதைப் பற்றிய வாதம் இது?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஃபிரான்டியர் டெவலப்மென்ட்ஸ் நிறுவனம் 2018இல் 'ஜுராசிக் வேர்ல்டு எவலூஷன்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. விளையாடுபவர் ஒரு டைனோசர் பூங்காவைத் தாமே கட்டி நடத்த வேண்டும். வேலி அமைப்பது, தீனி வழங்குவது, நோய் தீர்ப்பது, வருகையாளரைக் காப்பது என எல்லாப் பொறுப்பும் அவருடையதே. இரண்டாம் பதிப்பு 2021 நவம்பரில் வந்தது. மூன்றாம் பதிப்பு 2025 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டு, அக்டோபர் 21ஆம் நாள் வெளிவந்தது.

அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடைப்பட்ட நான்கரை மாதங்களில் ஆர்வலர்கள் ஒரே வினாவைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எந்தெந்த உயிரினங்கள் இடம்பெறும்? இவ்வினாவுக்கு அவர்கள் விடை தேடிய முறையைச் சற்றே உற்று நோக்குங்கள்.

முன்னோட்டக் காணொளியில் ஒரு நிழலுருவம் ஒரு நொடி தோன்றி மறையும். உடனே காணொளியை நிறுத்தி விரல்களை எண்ணுவார்கள். கையில் இரண்டு விரல் என்றால் டைரனோசரஸ் இனத்துக்கு நெருக்கம். மூன்று என்றால் அல்லோசரஸ் வகையாக இருக்கலாம். கண்ணுக்கு மேல் கொம்பு தெரிந்தால் கார்னோடாரஸ். தலையிலிருந்து பின்னோக்கி நீண்ட குழல் போன்ற கொண்டை தெரிந்தால் பாராசரலோபஸ். இது முதல் வகைச் சான்று.

இரண்டாவது, முன்வரலாறு. 2018ஆம் ஆண்டுப் பதிப்பு வெளிவந்தபோது, பூங்காவில் வளர்க்கத்தக்க பறக்கும் ஊர்வனவோ கடல்வாழ் ஊர்வனவோ அதில் இல்லை. 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டும் இடம்பெற்றன. ஆகவே, நிறுவனம் ஒருமுறை சேர்த்ததை அடுத்த பதிப்பில் விலக்குமா என்று ஆராய்வார்கள். மூன்றாவது, சூழல். 2025 ஜூலையில் 'ஜுராசிக் வேர்ல்டு ரீபெர்த்' திரைப்படம் வந்தது. அப்படத்தில் தோன்றும் உயிரினங்கள் விளையாட்டிலும் வர வாய்ப்புண்டா என்று கணிப்பார்கள்.

இவ்வளவும் கூறியபின், ஒருவன் மற்றொருவனை மறுப்பான். "விரல் தெளிவாகத் தெரியவில்லை, உன் முடிவு அவசரமானது" என்பான். இறுதியில் வெளியீட்டு நாள் வரும். யார் கணித்தது சரி, யார் கணித்தது பிழை என்பது எல்லாருக்கும் வெட்டவெளிச்சமாகும். பிழையாகக் கணித்தவன் சிரித்துக்கொண்டே தன் பட்டியலைத் திருத்துவான். யாரும் அவனுக்குச் சிவப்பு மையால் கோடு கிழிப்பதில்லை.

விளையாட்டுக்கு நான் வக்கீல் அல்லன்

'டைனோசர் விளையாட்டு அறிவியலைக் கற்றுத் தருகிறது' என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். அதில் உலவும் வெலாசிராப்டர், திரைப்படத்தின் வழிவந்த உருவம். ஆள் உயரம், இறகற்ற தோல். மங்கோலியாவில் கண்டெடுக்கப்பட்ட உண்மையான வெலாசிராப்டரோ ஏறத்தாழ ஒரு வான்கோழியின் பருமனே உடையது. அதன் முன்கை எலும்பில் இறகு பொருந்திய தடங்கள் இருப்பதை 2007இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். டைலோபோசரஸ் கழுத்துவிசிறியை விரித்து நஞ்சு உமிழ்வதும் திரைக்கதையே. அதற்குப் புதைபடிவச் சான்று ஏதும் இல்லை.

விளையாட்டு தவறாகக் காட்டுவதையும் பிள்ளையின் வாதம் திருத்துகின்றது. 2001ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் ஸ்பைனோசரஸ் நீண்ட கால்களில் நிமிர்ந்து நடந்தது. 2014இல் வெளியான ஆய்வு, அதன் பின்னங்கால்கள் குட்டையானவை என்றது. 2020இல் வெளியான ஆய்வு, அதன் வால் துடுப்புப் போன்றது என்றது. அப்படியானால் அடுத்த விளையாட்டில் எந்த உருவம் வரும்? இதனைக் கேட்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அறிவு மாறக்கூடியது என்பதையும், மாறுவதற்குக் காரணம் சான்று என்பதையும் உணர்ந்துகொண்டுவிட்டான். இதைவிடப் பெரிய அறிவியல் பாடம் எது?

ஊகத்தால் எழுந்த முதல் பூங்கா

டைனோசர் பூங்கா என்பதே ஊகத்தில் பிறந்ததுதான். இலண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854இல் தொல்லுயிர்களின் முழு அளவுச் சிலைகள் நிறுவப்பட்டன. அவற்றுள் இகுவானோடான் சிலைக்கு மூக்கின் மேல் ஒரு கொம்பு உண்டு. கிடைத்திருந்த சில எலும்புகளுள் கூம்பு வடிவான ஒன்றை மூக்குக் கொம்பு என்று அக்கால அறிஞர்கள் ஊகித்திருந்தார்கள். 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் பல கிடைத்தன. அப்போதுதான் தெரிந்தது, அது கொம்பன்று, கட்டைவிரலின் கூர்முள் என்று! சிலைகள் இன்றும் அதே பூங்காவில் நிற்கின்றன, மூக்கில் கொம்போடு.

அந்த ஊகம் பிழை. ஆனால், அந்த ஊகம் இல்லாதிருந்தால் திருத்துவதற்கு என்ன இருந்திருக்கும்? பிழைக்கு அஞ்சி வாய்மூடியிருந்தால் தொல்லுயிரியல் என்னும் துறையே வளர்ந்திராது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நாம் நாள்தோறும் பழமொழி சொல்கிறோம். விசாரிக்கும் பிள்ளையைக் கண்டால் மட்டும் ஏன் எரிச்சல் கொள்கிறோம்?

நம் வகுப்பறையின் நிலை என்ன?

இனி நம் பக்கம் வருவோம். தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் என்றொரு பகுதி உண்டு. உற்றறிதல், வகைப்படுத்துதல், ஊகித்தல், முன் அனுமானித்தல், கருதுகோள் உருவாக்குதல் என்று அழகழகான பெயர்கள். நம்மில் பலர் இவற்றைக் கற்பிக்கும் முறை யாது? வரையறையை வெண்பலகையில் எழுதுகிறோம். மாணவர் பார்த்து எழுதுகின்றனர். பயிற்சி நூலில் ஒரு படம். கீழே ஒரு வினா: 'உன் ஊகத்தை எழுதுக.' அந்த ஊகத்துக்கும் விடைப்பட்டியில் ஒரே ஒரு விடை! விடைப்பட்டியோடு பொருந்தாத ஊகம் பிழை. காரணம் எத்துணை வலியதாயினும் மதிப்பெண் சுழியம்.

ஊகத்துக்கு விடைப்பட்டி வைக்கும் வகுப்பறையில் எந்தப் பிள்ளை ஊகிப்பான்? ஆசிரியர் மனத்தில் இருப்பது யாது என்று மட்டுமே ஊகிப்பான்.

"என்ன செய்வது, தேர்வு இருக்கிறதே!" என்று முன்பு சொல்லி வந்தோம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டை ஆசிரியர் கையிலேயே ஒப்படைத்தார்கள். பழைய சாக்கு போய்விட்டது; பழைய பழக்கம் போகவில்லை. வெளியே மூன்று விரலுக்கும் இரண்டு விரலுக்கும் வேறுபாடு கண்டு வாதாடும் அதே பிள்ளை, நம் வகுப்பில் 'இவன் மந்தம்' என்று பெயர் வாங்குகிறான். மந்தம் எங்கே இருக்கிறது என்பதை நாம்தாம் சொல்ல வேண்டும்.

மறுப்புகளுக்கு விடை

'இது வணிகச் சூழ்ச்சி அல்லவா?' என்பீர்கள். ஆம், வணிகம் உண்டு. 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் 5 உயிரினங்களைத் தனியே பிரித்து, சிறப்புப் பதிப்பு என்று கூடுதல் விலைக்கு விற்றார்கள். பிள்ளை கேட்பதையெல்லாம் வாங்கித் தர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கணிப்பதற்குக் காசு வேண்டாம்; கண்ணும் அறிவும் போதும்.

'ஆர்வலர் பேச்சில் பொய்யும் கலந்திருக்கிறதே?' என்பீர்கள். அதுவும் மெய்யே. தனக்குப் பிடித்த விலங்கு 'வர வேண்டும்' என்பதை 'வரும்' என்று சொல்வோர் பலர். நிறுவனத்திலிருந்து கசிந்த பட்டியல் என்று போலிப் பட்டியலை உலவவிடுவோரும் உளர். ஆசிரியர் தேவைப்படும் இடம் துல்லியமாக இதுவே. விருப்பத்தையும் சான்றையும் பிரித்தறியப் பழக்குவது யார் வேலை? அதைச் செய்யாமல் வாதத்தையே தடை செய்தால், பிள்ளை வாதத்தை விடமாட்டான், நம்மைத்தான் விட்டுவிடுவான்.

தமிழுக்கு இதில் என்ன வேலை?

2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டபோது வருந்தினோம். 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது, தமிழ்ப்பள்ளியில் அறிவியல் தமிழிலேயே இருக்கட்டும் என்று குரல் கொடுத்தோம். நல்லது. அப்படிக் காத்த தமிழ் அறிவியலைக் கொண்டு என்ன செய்கிறோம்?

கலைச்சொல் ஆக்குகிறோம். ட்ரைசெராடாப்ஸை முக்கொம்பன் என்போம். ஸ்டெகோசரஸைக் கூரைப்பல்லி என்போம். பெயரைப் பெயர்த்ததோடு கடமை முடிந்தது என்று மகிழ்வோம். ஆனால், முக்கொம்பனைப் பற்றிய வாதம் எந்த மொழியில் நடக்கின்றது? ஆங்கிலத்தில்! பெயர் தமிழில் இருந்து வாதம் வேற்றுமொழியில் இருந்தால், தமிழ் என்பது விடை எழுதும் மொழி, சிந்திப்பதற்கு வேறு மொழி என்று பிள்ளை முடிவு செய்வான். அம்முடிவைப் பிற்பாடு எந்தத் தமிழ் விழாவாலும் மாற்ற முடியாது.

தமிழால் வாதிட முடியாது என்பார்க்கு மணிமேகலையைக் காட்டுவேன். காண்டல், கருதல் முதலிய அளவைகளை அக்காப்பியம் வரிசைப்படுத்தி விளக்குகின்றது. கண்டதைக் கொண்டு காணாததைத் துணியும் கலைக்கு நம் மொழியில் அத்துணை நெடிய வழக்கு உண்டு.

பொருளுக்கும் பஞ்சமில்லை. அரியலூர்ப் பகுதியில் கிடைத்த எச்சங்களுக்கு 1979இல் டிராவிடோசரஸ் என்று பெயரிட்டு, முதுகில் தட்டுகள் கொண்ட டைனோசர் என்றார்கள். பின்னர் வேறு ஆய்வாளர்கள், அது டைனோசரே அன்று, கடல்வாழ் ஊர்வனவற்றின் எச்சம் என்று மறுத்தார்கள். மறுப்புக்கு மறுப்பும் வந்தது. பெயரில் 'திராவிட' இருப்பதைக் கண்டு பெருமை கொள்வோர் பலர். அந்த வழக்கைப் பிள்ளைகளிடம் விளக்குவோர் எத்தனை பேர்? நம் நாட்டிலோ, பகாங்கில் கிடைத்த ஒரு பல் மீனுண்ணும் ஸ்பைனோசரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 2014இல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதன் நீளம் இரண்டு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். ஒரே ஒரு பல்லிலிருந்து ஒரு குடும்பத்தை அறிவது எங்ஙனம்? நிழலுருவத்தில் விரல் எண்ணும் பிள்ளைக்கு இவ்வினா புதிதன்று.

செய்ய வேண்டியவை

1. ஒரு பிள்ளை 'இந்த டைனோசர் வரும்' என்றால் இரண்டு வினாக்களைத் தமிழில் கேளுங்கள். எதைக் கண்டு சொல்கிறாய்? எது தெரியவந்தால் உன் கருத்தை மாற்றிக்கொள்வாய்?

2. மஜோங் தாளில் மூன்று கட்டம் வரையுங்கள். கண்டது, ஊகித்தது, விரும்பியது. ஒவ்வொரு கூற்றும் எக்கட்டத்துக்குரியது என்பதை மாணவரே முடிவு செய்யட்டும்.

3. நாளைக் குறித்து அத்தாளைச் சுவரில் ஒட்டி வையுங்கள். உண்மை தெரியும் நாளில் எல்லாரும் கூடிச் சரிபாருங்கள். தவறிய கணிப்புக்கும் நல்ல காரணம் இருந்தால் பாராட்டுங்கள்.

4. ஊக வினாவுக்கு மதிப்பெண் இடும்போது முடிவை மட்டும் பாராமல் காரணத்தையும் எடைபோடுங்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மகளோ மகனோ வெளிவராத விளையாட்டைப் பற்றி ஆர்வத்தோடு பேசத் தொடங்கினால், 'போய்ப் படி' என்று விரட்டாதீர்கள். பத்து நிமிடம் அமர்ந்து கேளுங்கள். டைனோசரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'ஏன் அப்படி நினைக்கிறாய்?' என்னும் ஒரு வினா போதும்.

ஆசிரியர்களே, ஊகித்தல் என்னும் திறனைப் பாடத்திட்டத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஊகிக்கும் பிள்ளையை வாயடைப்பது நம் தொழிலுக்கு அழகன்று. விடைப்பட்டியை ஒருநாள் மூடி வையுங்கள். பிள்ளைகள் பேசட்டும், தமிழில் பேசட்டும், தவறாகவும் பேசட்டும்.

சிந்திப்போம், செயற்படுவோம்.