தொட்டிக்குள் இறங்கச் சொன்னது யார்?

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில், தோல் ஷாப்பு கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கித் தொழிலாளி இறந்தார் என்ற செய்தி நமக்குப் புதிதல்ல. அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரியும். “அவர் எங்கள் ஆள் இல்லை, காண்ட்ராக்டர் கூட்டிவந்தவர்” என்று நிர்வாகம் சொல்லும். பேசி ஒரு தொகை கொடுக்கப்படும். ஊர் அடங்கிவிடும்.

இறப்பவர்களில் நம் சேரிகளைச் சேர்ந்தவர்களே அதிகம். ஈரத் தோல், சுண்ணாம்புக் குழி, கழிவுத் தொட்டி என வேலை கீழே இறங்க இறங்க, அதற்கு யாரைக் கூப்பிடுவது என்பதைச் சாதிதான் முடிவுசெய்கிறது.

இது விதியல்ல. தோலின் முடியை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. முதலில் இறங்கியவர் விழுவார். தூக்கப் போனவரும் விழுவார்.

இதைத் தடுக்கும் சட்டம் பழையது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆவது பிரிவு, வாயு இருக்கக்கூடிய தொட்டியைத் தகுதியுள்ளவர் சோதித்து எழுத்துமூலம் சான்று தர வேண்டும் என்றது. இல்லையேல் சுவாசக் கருவியும், வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிறோடு இடுப்பு வாரும் வேண்டும். காண்ட்ராக்டர் மூலம், நிர்வாகத்துக்குத் தெரியாமலே வந்தவரும் தொழிலாளிதான் என்றது அதே சட்டம். கம்பெனி என்றால் இயக்குநர் ஒருவரே பொறுப்பாளி என்றது. “எங்கள் ஆள் இல்லை” என்ற பதிலுக்கு அங்கே இடமே இல்லை.

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. விதிமீறலால் மரணம் நேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைக் குடும்பத்துக்குத் தர நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்பது 20 பேராகிவிட்டது. காண்ட்ராக்ட் ஆட்களைக் கணக்கில் காட்டாத வழக்கம் இனி கூடும்.

பாதாள சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2013ஆம் ஆண்டு சட்டம் மலத்தொட்டியை மனிதக் கழிவு சேரும் தொட்டி என்றே வரையறுக்கிறது. தோல் கழிவுத் தொட்டி அதில் வராது என்று வாதிட நிர்வாகத்துக்கு வழி இருக்கிறது. இந்த ஓட்டையை அடைக்க வேண்டியது அரசு.

2015 ஜனவரி 31 நள்ளிரவுக்குப் பின் ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சகதியில் மூழ்கி இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தவர். பல ஷாப்புகளுக்குப் பொதுவான தொட்டி. பொறுப்பு கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்ட வசதியானது.

இங்கேதான் தொழிற்சங்கங்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. போனஸும் கூலி உயர்வும் பேசுகிறீர்கள், அது தேவை. ஆனால் உங்கள் உறுப்பினர் பட்டியலில் தொட்டி கழுவுபவர் பெயர் இருக்கிறதா? ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 2024இல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, பிறகு சங்கத்தைப் பதிவுசெய்தார்கள். நம் ஆட்களுக்கு மஸ்டர் ரோலிலேயே பெயர் இல்லை; சங்கம் அதற்கும் அப்பால்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. தொட்டி வேலைக்கு வருபவர் பெயர் அன்றே பதிவேட்டில் ஏற வேண்டும். சோதனைச் சான்றின் நகல் சங்கத்துக்கும் தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிக்கும் போக வேண்டும். மரணம் நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கையில் காண்ட்ராக்டரோடு ஷாப்பின் பொறுப்பாளர் பெயரும் இருக்க வேண்டும். அதற்கு முன் எந்தப் பஞ்சாயத்துப் பேச்சுக்கும் நம் தலைவர்கள் உட்காரக் கூடாது.