அலுமாரியின் சாவி

கசட் காலத்தில் இரவல் கொடுப்பதற்கு ஓர் எல்லை இருந்தது. அயல் வீட்டுப் பிள்ளை வந்து கேட்டால் ஒரு கசட்டை எடுத்துக் கொடுப்போம். மூன்று நாளில் திரும்பி வராவிட்டால் ஆளனுப்பிக் கேட்போம். கொடுத்தது ஒரு கசட்தான். அலுமாரியின் சாவியை யாரும் கொடுத்ததில்லை.

இன்று எமது இளைஞர்கள் சிலர் வீட்டில் அமைத்துக்கொள்ளும் 'மீடியா சேர்வர்' விடயத்தில் கொடுபடுவது சாவிதான். பழைய கணனி ஒன்று, பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று, பிளெக்ஸ் அல்லது ஜெலிஃபின் என்ற மென்பொருள். இவ்வளவும் இருந்தால் சேர்வர் தயார். வீட்டிலுள்ள டிவிடிக்கள், பயான் பதிவுகள், பிள்ளைகளின் படங்கள், கலியாண வீடியோக்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டால் ஹோலில் உள்ள டீவியிலும் பார்க்கலாம், உம்மாவின் போனிலும் பார்க்கலாம். தோஹாவில் தொழில் செய்யும் மச்சானும் அங்கிருந்தே பார்க்கலாம். நல்ல வசதி. கசட் போட்டுப் பார்க்கும் கருவியைக் கடைசி வரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையுடன் அதை நிறுத்திவிட்டது. ஆகவே பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும் பழைய கலியாணக் கசட்டுகளை இப்படி மாற்றி வைப்பது அவசியமான வேலையும்கூட.

வீட்டுக்குள் இருக்கும்வரை இதில் சிக்கல் அதிகமில்லை. "எனக்கும் ஒரு கணக்குத் தாருங்களேன் நானா" என்று நண்பர்கள் கேட்க ஆரம்பித்த பிறகுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் சாதாரணக் கணக்கு. இணைய இணைப்பு எடுக்கும்போது நாம் பார்ப்பது எமக்கு வந்து சேரும் வேகத்தை. நண்பர் உங்கள் சேர்வரிலிருந்து பார்க்கும்போது தேவைப்படுவதோ வெளியே போகும் வேகம். பெரும்பாலான இணைப்புகளில் இது மற்றதைவிடக் குறைவு. டிவிடி தரத்தில் ஒரு படம் ஓட செக்கனுக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு 4.5 ஜிகாபைட் போய்விடும். மூன்று நண்பர்கள் ஒரே இரவில் பார்த்தால் 13.5 ஜிகாபைட். மாதாந்த அளவு கட்டுப்படுத்தப்பட்ட இணைப்பாக இருந்தால், மாதம் முடியும் முன்பே மகளின் ஒன்லைன் வகுப்பு தடைப்படும். நண்பரின் டீவிக்கு அந்த வீடியோ வடிவம் ஒத்துவராவிட்டால், உங்கள் கணனி அதை உடனுக்குடன் மாற்றிக் கொடுக்கவும் வேண்டும். பழைய கணனி அதில் மூச்சுத் திணறும்.

எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டால், நான் ஜெலிஃபினையே சொல்வேன். எம்பி என்ற மென்பொருளைச் செய்தவர்கள் அதன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரித்தெடுத்து, எவருக்கும் இலவசமாகத் தொண்டர்கள் நடத்திவருவது இது. பிளெக்ஸ் பாவிக்க இலகுவானது. நண்பர்களைச் சேர்ப்பதும் அதில் சுலபம். ஆனால் 2025 ஏப்ரல் 29 முதல், வீட்டுக்கு வெளியே இருந்து பார்க்க வேண்டுமானால் சேர்வர்காரரோ பார்ப்பவரோ பணம் கட்ட வேண்டும் என்று அந்த நிறுவனம் விதித்துவிட்டது. வீட்டுக்குள் டீவியில் பார்ப்பதற்குக் கட்டணமில்லை.

சிலர் நண்பர்களிடம் மாதம் இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு கணக்குக் கொடுக்கிறார்கள். மின்சாரச் செலவுக்கு என்று சொல்லிக்கொள்வார்கள். பணம் கை மாறிய பின் அது இரவல் அல்ல, வியாபாரம். அடுத்தவர் எடுத்த படத்தை விற்கும் வியாபாரம். எமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், முறையாக வாங்கிய பிரதியிலிருந்து ஒருவர் தனது சொந்தப் பாவனைக்காக ஒரு பிரதி எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. பத்து வீட்டு ஹோலில் ஓடுவதைச் சொந்தப் பாவனை என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது வாசல். வெளியூர் நண்பர் உங்கள் வீட்டுக் கணனியை எட்ட வேண்டுமானால், ரவுட்டரில் ஒரு வழியைத் திறந்துவிட வேண்டும். நண்பருக்குத் திறந்த வழி தெருவில் போவோர் வருவோருக்கும் தெரியும். அமெரிக்காவில் லாஸ்ட்பாஸ் என்று ஒரு நிறுவனம், மற்றவர்களின் கடவுச்சொற்களைப் பூட்டிவைத்துப் பாதுகாப்பதே அதன் தொழில். 2022இல் அங்கே பெருந்திருட்டு நடந்தது. திருடர்கள் நுழைந்த பாதைகளில் ஒன்று, அதன் பொறியியலாளர் ஒருவரின் வீட்டுக் கணனியில் இருந்த பழைய பிளெக்ஸ் மென்பொருள். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2020 மே மாதத்திலேயே வெளிவந்துவிட்டது. அவர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட பொறியியலாளரின் வீட்டிலேயே இது நடந்திருக்கிறது. ஆகவே மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ளுங்கள். ரவுட்டரில் வழி திறப்பதற்குப் பதிலாக டெயில்ஸ்கேல் போன்ற தனிவழி மென்பொருளை உங்கள் கணனியிலும் நண்பரின் கருவியிலும் போட்டுக்கொண்டால் தெருவுக்கு வாசல் திறக்கத் தேவையில்லை. கொஞ்சம் சிரமம்தான். சிரமப்பட விரும்பாத நண்பருக்கு உங்கள் சேர்வர் அவ்வளவு அவசியமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. சேர்வர்காரரின் திரையில், இந்த நேரத்தில் யார் நுழைந்திருக்கிறார், எந்தப் படத்தைப் பார்க்கிறார், எந்த நிமிடத்தில் நிற்கிறார் என்பதெல்லாம் தெரியும். நண்பரின் மனைவி இரவு பதினொரு மணிக்கு என்ன பார்த்தார் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் தெரியும். கணக்குக் கொடுக்கும்போதே இதை நண்பரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நாணயம். நண்பர்களுக்கிடையிலும் இப்படி நடந்திருக்கிறது. 2023 நவம்பரில் பிளெக்ஸ் பாவனையாளர்கள் பலருக்கு, அவர்களது நண்பர்கள் அந்த வாரம் என்னென்ன பார்த்தார்கள் என்ற விபரத்துடன் மின்னஞ்சல் வந்தது. சொந்த சேர்வரில் தனிமையில் பார்த்தவையும் அதில் இருந்ததால் பலர் கூனிக்குறுகிப் போனார்கள். தேர்வு செய்யும் வசதி இருந்தது என்று நிறுவனம் சொன்னது. எத்தனை பேர் அதை வாசித்துவிட்டு விரலை வைத்தார்கள்?

எமது குடும்பங்களில் இதைவிடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. கலியாண வீடியோ. பெண்கள் பகுதியை ஒரு பெண் வீடியோக்காரரைக் கொண்டு எடுப்பித்து, பெண்கள் மட்டும் பார்ப்பதற்கென்று வைத்திருக்கும் வீடுகள் உண்டு. கசட்டாக இருந்தபோது அது மாமியின் அலுமாரியில், துணிகளுக்கு அடியில் கிடந்தது. இப்போது தம்பி எல்லாக் கசட்டையும் மாற்றி, 'குடும்பம்' என்று ஒரே கோப்பில் போட்டுவிடுகிறான். அவன் பார்வையில் எல்லாம் வீடியோதான். பிறகு ஆங்கிலப் படம் பார்க்க ஒரு நண்பனுக்குக் கணக்குக் கொடுக்கிறான். 'எல்லாத் தொகுப்புகளையும் பார்க்கலாம்' என்ற கட்டத்தில் அடையாளம் விழுந்திருந்தால், நண்பன் படத்தைத் தேடும்போது சாச்சியின் மருதோன்றி இரவும் வரிசையில் வந்து நிற்கும். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. கவனக்குறைவு மட்டும்தான். ஆனால் அந்த வீடியோவில் இருக்கும் பெண்கள், யார் பார்க்கலாம் என்று நம்பி முகம் காட்டினார்களோ, அந்த அமானிதம் அங்கே போய்விட்டது.

தொகுப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொரு கணக்குக்கும் எது திறக்கும் எது திறக்காது என்று குறிக்கும் வசதி இரண்டு மென்பொருளிலும் இருக்கிறது. ஜெலிஃபினில் தரவிறக்கம் செய்யும் அனுமதியையும் ஆளுக்கு ஆள் நிறுத்தலாம். கணக்கைக் கொடுப்பதற்கு முன், நண்பரின் பெயரில் வேறொரு போனிலிருந்து நீங்களே ஒரு தடவை நுழைந்து பாருங்கள். அவருக்கு என்னென்ன தெரியும் என்பது அப்போது விளங்கும்.

அதிலும் ஓர் ஓட்டை உண்டு. கணக்கு நண்பர் பெயரில்தான். ஆனால் அவர் அதைப் போட்டு வைப்பது ஹோலில் உள்ள டீவியில். ஒரு தடவை நுழைந்துவிட்டால் டீவி அதை மறப்பதில்லை. அவரது தம்பிமார், மச்சான்மார், விருந்தாளிகள், கிரிக்கெட் பார்க்க வரும் அயல் வீட்டுப் பையன்கள் எல்லோருடைய கையிலும் ரிமோட் இருக்கும். ஆகவே 'தோழிக்கு மட்டும்' என்று நினைத்து பெண்கள் பகுதிக்குக் கணக்குக் கொடுப்பது, தோழியின் முழு வீட்டுக்கும் கொடுப்பதாகவே முடியலாம். திரையில் ஓடுவதைப் போனால் படமெடுப்பதையும் எந்த மென்பொருளாலும் தடுக்க முடியாது.

பெண்கள் பகுதியை சேர்வரில் ஏற்றுவதற்கு முன் மணமகளாக இருந்தவரிடமும், அவரது உம்மாவிடமும், அதில் தெளிவாகத் தெரியும் மற்றவர்களிடமும் தம்பிமார் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் காரணம் கேட்கத் தேவையில்லை. சொந்தக்காரப் பெண்கள் கூடியிருந்து பார்க்கும் நாளுக்கு ஒரு பென் டிரைவ் போதும். பார்த்து முடிந்ததும் மாமி அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்ப் பழைய இடத்திலேயே வைத்துக்கொள்வார்.