தத்தெடுக்க வேண்டாம், கிராம சபையில் வந்து அமருங்கள்

உயர்கல்வி நிறுவனங்கள் கிராமங்களைத் ‘தத்தெடுத்து’ வளர்ச்சிக்கு வழிகாட்டும் என்று கூறி, ‘உன்னத் பாரத் அபியான்’ திட்டத்தை ஒன்றிய பாஜக அரசு 2014 நவம்பரில் தொடங்கியது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் சமூகப் பணியையும் சுற்றுச்சூழல் கல்வியையும் பட்டப்படிப்பில் இணைக்கச் சொல்கிறது. நீடித்த வளர்ச்சி குறித்துப் பயிலும் மாணவர்கள் மக்களிடம் சென்று கற்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. அவர்கள் யாருக்குப் பதில் சொல்லும் பொறுப்புடன் செல்கிறார்கள் என்பதே கேள்வி.

தத்தெடுப்பு என்ற சொல்லே இத்திட்டத்தின் வர்க்கப் பார்வையைக் காட்டிக்கொடுக்கிறது. நாட்டிற்கே உணவளிக்கும் உழவரும், காட்டைத் தலைமுறைகளாகக் காத்துவரும் ஆதிவாசியும் ஆதரவற்ற குழந்தைகளா? வினாத்தாளுடன் வந்து, கழிப்பறைகளை எண்ணி, புகைப்படம் எடுத்துத் திரும்பினால் மாணவருக்கு மதிப்பெண் கிடைக்கும். தகவல் தந்த விவசாயத் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும்? அந்த அறிக்கை அவர் மொழியில் அவர் முன் வாசிக்கப்படுமா?

சூழலியலின் உண்மையான பாடசாலை எது என்பதை ஒடிசாவின் நியம்கிரி காட்டியது. 2013இல் உச்ச நீதிமன்றம், பாக்சைட் சுரங்கம் குறித்த முடிவில் கிராம சபைகளின் கருத்தைக் கேட்குமாறு ஆணையிட்டது. கூடிய 12 கிராம சபைகளும் வேதாந்தா நிறுவனத்தின் சுரங்கத் திட்டத்தை நிராகரித்தன. மலையும் நீரூற்றும் வாழ்வும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை டோங்கிரியா கோண்டு மக்கள் எடுத்துரைத்தனர். எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாகக் கற்பித்துவிடாது.

ஆனால் மாணவர்களைக் கிராமத்திற்கு அனுப்பும் இதே அரசு, கிராமத்தின் குரல்வளையை நெரிக்கிறது. வன நிலத்தைத் திட்டங்களுக்கு வழங்க ஒன்றிய அரசு ஒப்புதல் அளிக்கும் முன் கிராம சபையின் இசைவு பெறப்பட வேண்டும் என்ற நிலையை 2022ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்பு விதிகள் அகற்றின. 2023இல் சட்டத்தையே திருத்தி, பலவகை வன நிலங்களைப் பாதுகாப்பு வளையத்திலிருந்து வெளியேற்றினார்கள். ஒரு கையில் சான்றிதழ், மறு கையில் காடழிப்பு ஆணை: இதுவே இவர்களின் ‘நீடித்த வளர்ச்சி’!

மாற்று வழி இல்லாமல் இல்லை. 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், கல்லூரி ஆசிரியர்களையும் அறிவியலாளர்களையும் மக்களோடு இணைத்தது. அமைதிப் பள்ளத்தாக்கு நீர்மின் திட்டத்தின் சூழலியல், பொருளாதாரக் கூறுகளை ஆராய்ந்து மக்கள் முன் வைத்தது. கண்ணூர் மாவட்டம் கல்லியாசேரியில் ஊர் மக்களே தங்கள் வளங்களை வரைபடமாக்கினர். இத்தகைய அனுபவங்களின் மீதுதான் 1996இல் இடது ஜனநாயக முன்னணி அரசின் மக்கள் திட்ட இயக்கம் எழுந்தது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்குச் சென்றது. அறிவோடு அதிகாரமும் நிதியும் மக்களிடம் சேர்ந்ததாலேயே அது கல்வியாயிற்று.

‘மாணவர்களுக்கு அரசியல் எதற்கு?’ என்று சிலர் கேட்கக்கூடும். ஆற்று நீர் யாருக்கு, ஆலைக் கழிவு யார் வயலுக்கு என்பது அரசியல் இல்லாமல் வேறென்ன?

எனவே நாம் கோருவது இதுதான்: ஆய்வுப் பொருளைக் கிராம சபை தீர்மானிக்கட்டும். அறிக்கை மக்களின் மொழியில் அச்சபையில் வாசிக்கப்பட்டு விவாதிக்கப்படட்டும். நேரம் செலவிடும் உழைப்பாளிக்கு அந்நாளின் கூலி வழங்கப்படட்டும். மாணவர்களை ஊதியமில்லாக் கணக்கெடுப்பாளர்களாக்குவது நிறுத்தப்படட்டும். களப்பணிக்கான செலவைப் பல்கலைக்கழகமே ஏற்கட்டும். ஏழை மாணவரின் பையிலிருந்து பறிக்க வேண்டாம்.

மாணவர்களே, கிராமத்திற்கு வாருங்கள். புரவலர்களாக அல்ல, தோழர்களாக வாருங்கள்.