ரி, க, ஸ, நி: ஒரு சிம்பனிக்கு முன்னால்

வருகிற சனிக்கிழமை பின்னேரம் பேராதனையில் ஓர் அறையில் நாங்கள் ஏழு பேர் கூடப் போகிறோம். இரவல் புரொஜெக்டர் ஒன்று, இரண்டு ஸ்பீக்கர், சுவரில் கட்ட ஒரு வெள்ளை பெட்ஷீட். போடப்போவது படம் இல்லை. 2007 ஓகஸ்ட் 19ஆம் திகதி லண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் வெனிசுவேலாவின் சிமோன் பொலிவார் இளைஞர் இசைக்குழு கொடுத்த கச்சேரியின் பதிவு. அதில் அவர்கள் ஷொஸ்தகோவிச்சின் பத்தாவது சிம்பனியை வாசித்தார்கள். நடத்தியவர் குஸ்தாவோ துதாமெல். அப்போது அவருக்கு வயது 26.

விஷயத்தைச் சொன்னதும் பக்கத்து அறை நண்பன் கேட்டான்: "ஐம்பது நிமிஷமா? பாட்டே இல்லாமயா? இதெல்லாம் நமக்கு எதுக்கு மச்சான்?"

கேள்வி நியாயமானது. அதுக்குத்தான் இந்தப் பதில்.

முதலில் அந்த இசையின் கதை. 1948இல் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சி சில இசையமைப்பாளர்களைப் பெயர் சொல்லிக் கண்டித்தது. மக்களுக்கு விளங்காத இசை எழுதுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. ஷொஸ்தகோவிச்சுக்கு ஆசிரியர் வேலை போனது. அந்த நேரத்தில் எழுதி முடித்த வயலின் கொன்செர்ட்டோவை அவர் வெளியே விடவில்லை. அது 1955 வரைக்கும் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தது. ஒன்பதாவது சிம்பனி வந்தது 1945இல். அதற்குப் பிறகு எட்டு வருஷம் சிம்பனியே இல்லை. 1953 மார்ச் 5ஆம் திகதி ஸ்டாலின் செத்தார். அதே வருஷம் டிசம்பர் 17ஆம் திகதி லெனின்கிராட்டில் பத்தாவது சிம்பனி அரங்கேறியது.

அந்தச் சிம்பனிக்குள் அவர் ஒரு வேலை செய்திருக்கிறார். ஜெர்மன் முறையில் ஸ்வரங்களுக்கு எழுத்துகளால் பெயர். அந்த எழுத்துகளை வைத்துத் தன் பெயரின் தொடக்கத்தை நான்கு ஸ்வரங்களாக எழுதினார். மேற்கத்திய 'ஸி'யை ஸட்ஜமாக வைத்துக் கர்நாடக முறையில் சொன்னால் அது ரி, க, ஸ, நி. நான்கும் கீரவாணியில் வருகிற ஸ்வரங்கள். எங்களில் ஒருத்தி சாதாரண தரத்துக்குக் கர்நாடக சங்கீதம் படித்தவள். வாய்க்குள் ஒருமுறை பாடிப் பார்த்துவிட்டு, "இது எனக்குத் தெரிஞ்ச இடம்தானே" என்றாள். அந்த நிமிஷத்தில்தான் சனிக்கிழமைத் திட்டம் பிறந்தது.

எட்டு வருஷம் அடக்கி வாசித்த ஒரு மனுஷன், பயம் கொஞ்சம் விலகியதும் தன் பெயரையே இசைக்குள் வைத்து, கடைசியில் முழு இசைக்குழுவையும் கொண்டு அதை அடிக்க வைக்கிறான். எதை எங்கே சொல்லலாம், எதை வீட்டோடு நிறுத்த வேண்டும் என்று பார்த்துப் பேசிப் பழகிய எங்களுக்கு இதை விளங்கிக்கொள்ள மேற்கத்திய இசைப் படிப்பு வேண்டியதில்லை.

ஆனால் கேட்பதற்குக் கொஞ்சம் தயாராக வேண்டும். இதை மறைக்க விரும்பவில்லை. முதல் பகுதி இருபது நிமிஷத்துக்கு மேல் போகும். செலோக்களும் டபுள் பேஸ்களும் அடியில் மெதுவாகத் தொடங்கும். பிறகு ஒரு கிளாரினெட் தனியாகப் பேசும். ஒரு நண்பன் இதைக் கேட்டுவிட்டு, "சாவு வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு" என்றான். பிழையாகச் சொல்லவில்லை. இரண்டாம் பகுதி நான்கு நிமிஷம்தான், ஆனால் மூச்சு விட இடம் தராது. இது ஸ்டாலினின் உருவப்படம் என்று ஒரு கதை உண்டு. ஷொஸ்தகோவிச் இறந்த பின், 1979இல் வெளிவந்த ஒரு நினைவுக்குறிப்பு நூலிலிருந்து வந்த கதை அது. அந்த நூலை எவ்வளவு நம்பலாம் என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். கதையை விட்டாலும் அந்த நான்கு நிமிஷம் நிற்கும். மூன்றாம் பகுதியில் ரி, க, ஸ, நி தெளிவாக வருகிறது. கூடவே ஒரு ஹோர்ன் ஒரே அழைப்பைப் பன்னிரண்டு முறை வாசிக்கும். அது எல்மிரா என்ற அவருடைய மாணவியின் பெயர், அதுவும் ஸ்வரங்களாக. நான்காம் பகுதியின் முடிவில் டிம்பனி வரைக்கும் அவருடைய பெயரை அடிக்கிறது.

தோட்டத்துத் தப்பையும், கோயில் தவிலையும், எசல பெரஹராவின் கெட்ட பெரயையும் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இரண்டாம் பகுதி அவ்வளவு அந்நியமா? நாங்கள் அப்படி நினைக்கவில்லை.

ஏன் குறிப்பாக ஓர் இளைஞர் இசைக்குழுவின் பதிவு? பெரிய இசைக்குழுக்களுக்கு இந்தச் சிம்பனி அந்த வருஷத்து நிகழ்ச்சி நிரலில் இன்னொன்று. பதினாறு, இருபது வயசில் வாசிக்கிறவர்களுக்கு அது முதல் தடவை. வயலின் வரிசை முழுக்க ஒரே உடம்பு மாதிரி ஆடுவதைப் பாருங்கள். அந்தக் குழு, 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு வெனிசுவேலாவில் தொடங்கிய 'எல் சிஸ்தெமா' என்ற இசைக்கல்வித் திட்டத்திலிருந்து வந்தது. வசதி இல்லாத பிள்ளைகளின் கையிலும் வாத்தியத்தைக் கொடுத்து, தனியாக இல்லாமல் கூட்டமாகப் பழக்குவது அதன் வழி.

அதைச் சொர்க்கமாகக் காட்டவும் நாங்கள் தயாரில்லை. அதன் கட்டுப்பாடு பற்றியும் அரசோடு அதற்குள்ள நெருக்கம் பற்றியும் கடுமையான விமர்சனங்கள் உண்டு. 2017 மே மாதம் அந்தத் திட்டத்தில் படித்த 18 வயது வயோலாக் கலைஞன் ஒருவன் அரச எதிர்ப்புப் போராட்டத்தில் கொல்லப்பட்டான். அதன் பிறகுதான் துதாமெல் அரசுக்கு எதிராக வெளிப்படையாகப் பேசினார். வாத்தியம் கையில் இருந்தால் நாடு திருந்திவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம்: கடினமான இசை எங்களுக்கும் கிடைக்கட்டும்.

இப்போது "இது நம்மட இல்லையே" என்ற வாதத்துக்கு வருவோம். வயலினே நம்முடையதாக இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் போன்றவர்கள் எடுத்தார்கள். இன்று அது இல்லாத கர்நாடகக் கச்சேரியைக் காண்பது அருமை. இன்னும் கிட்ட வருவோம். 1960களில் இதே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ் மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகிய கூத்துகளை மேடையேற்றினார். விடிய விடிய ஆடும் கிராமத்துக் கூத்தை கம்பஸ் பிள்ளைகள் எதற்குப் பழக வேண்டும் என்று அன்றும் கேட்டிருப்பார்கள். பழகினார்கள். ஈழத்து அரங்கின் வரலாறே அதன் பிறகு மாறியது. கூத்து பேராதனைக்கு வரலாம் என்றால் சிம்பனி ஏன் வரக்கூடாது?

2025 மார்ச் 8ஆம் திகதி இளையராஜாவின் சிம்பனி லண்டனில் அரங்கேறியபோது எங்கள் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் பெருமையில் பொங்கின. நாங்களும்தான் ஸ்டேட்டஸ் போட்டோம். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெருமைக்கும் கேட்பதற்கும் நடுவில் பெரிய இடைவெளி. ஒரு சிம்பனியை முழுதாக, ஒரே இருப்பில், நான்கு பகுதியும் கேட்டவர் எங்கள் ஏழு பேரில் ஒருவர்கூட இல்லை.

இதில் எங்கள் சோம்பல் பாதி. மற்றப் பாதி, வழி இல்லாதது. பாடத்திட்டத்தில் கர்நாடக சங்கீதம், கீழைத்தேய சங்கீதம், மேலைத்தேய சங்கீதம் எல்லாம் அழகியல் பாடங்களாக வரிசையாக இருக்கின்றன. ஆனால் நாங்கள் படித்த மலையகப் பாடசாலைகளில் கடைசியாகச் சொன்னதற்கு ஆசிரியரும் இல்லை, வாத்தியமும் இல்லை. தெரிவு என்பது தாளில் மட்டும்தான். இலங்கை சிம்பனி இசைக்குழு 1958இலிருந்து இருக்கிறது, கொழும்பில். கச்சேரி முடிந்து கண்டிக்கு பஸ் பிடிப்பது தனிக் கதை. நுவரெலியாவுக்கோ ஹட்டனுக்கோ போகிறவரை நினைத்துப் பாருங்கள்.

அதனால் எங்கள் கோரிக்கை இதுதான். இளைஞர் இசைக்குழு எதுவானாலும், மலை ஏறி வரட்டும். வரும்போது எங்களுக்காக என்று சினிமாப் பாட்டும் வால்ட்ஸும் மட்டும் தெரிவு செய்ய வேண்டாம். அவர்களுக்கே வாசிக்கக் கஷ்டமானதைக் கொண்டு வரட்டும். மக்களுக்கு விளங்காது என்று மக்களிடம் கேட்காமலே முடிவெடுத்ததுதான் 1948இல் நடந்தது. அதே முடிவை அன்பினால் எடுத்தாலும் பலன் ஒன்றுதான்.

அது நடக்கும் வரைக்கும் எங்களிடம் பெட்ஷீட் இருக்கிறது. நீங்களும் உங்கள் அறையில் போட்டுப் பாருங்கள். போனைக் கவிழ்த்து வையுங்கள். முதல் பகுதியில் நித்திரை வந்தால் வெட்கப்பட வேண்டாம். இரண்டாம் பகுதி எழுப்பிவிடும். மூன்றாம் பகுதி தொடங்கியதும் ரி, க, ஸ, நி எங்கே வருகிறது என்று காத்திருங்கள். பக்கத்து அறை நண்பனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான், பிளேன்டீ தந்தால்.